ஓவியத்தில் பூஞ்சை: கறை நிற்கும் இடத்தை வைத்து ஈரம் வரும் வழியைக் கண்டுபிடிப்பது

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து பொங்கலுக்கு வீட்டை ஒழிக்கும்போதுதான் பல வீடுகளில் இது கண்ணில் படுகிறது. தஞ்சாவூர்ப் படத்தின் கண்ணாடிக்குள் வெள்ளைப் புள்ளிகள், கேன்வாஸின் முதுகில் சாம்பல் நிறப் பூச்சு, பரணில் வைத்த வாட்டர்கலரில் பழுப்புக் கறை. உடனே கை ஈரத்துணியைத் தேடும். வேண்டாம். பூஞ்சைக்கு வேண்டியதே தண்ணீர்தான். ஈரத்துணியால் துடைத்தால் ஒரு மூலையில் இருந்தது படம் முழுக்கப் பரவும்.

பூஞ்சையின் வித்துகள் எல்லாக் காற்றிலும் உண்டு, அவற்றை ஒழிக்க முடியாது. நம் கையில் இருப்பது ஈரம் மட்டும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்குக் கீழே நின்றால் வித்து சும்மா கிடக்கும். 70-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் முளைக்கத் தொடங்கும், 80-க்கு மேல் வேகம் பிடிக்கும். படம் நனைந்தே போனால் இரண்டு நாள் போதும். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் வெளிக்காற்றே வருடத்தின் பெரும்பகுதி 70-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. அதனால் அறை முழுக்க ஓதமாக இருக்க வேண்டியதில்லை. படத்தைச் சுற்றி ஒரு சாண் இடத்தில் கொஞ்சம் ஈரம் கூடினாலே காரியம் கெட்டுவிடும். அந்த ஒரு சாண் இடத்தில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. மருந்து அடிப்பதெல்லாம் அப்புறம், பெரும்பாலும் அதற்குத் தேவையே வராது.

தொடங்கும் முன் ஒரு டிஜிட்டல் ஈரப்பத மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், சில நூறு ரூபாய்தான். மலிவான மீட்டர்கள் பொய் சொல்லும், ஆனால் சரிபார்ப்பது எளிது. ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, குழைந்த சேறு மாதிரி ஆகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். அதையும் மீட்டரையும் காற்றுப் புகாத ஜிப் பையில் சேர்த்து ஓர் இரவு வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் அந்த மீட்டர் 5 குறைத்துச் சொல்கிறது என்று எழுதி ஒட்டிவிடுங்கள். இதோடு ஒரு டார்ச், ஒரு பூதக்கண்ணாடி, ஒரு என்95 முகமூடி. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலைக்குப் பக்கத்தில் வர வேண்டாம். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் படத்தை இறக்குங்கள்.

வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. பூஞ்சைதானா?

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் பூஞ்சை இல்லை. டார்ச்சைப் படத்தின் பக்கவாட்டிலிருந்து, பரப்பை ஒட்டிச் சாய்வாக அடித்துப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். வட்ட வட்டமாகத் திட்டுகள் இருந்து, ஓரங்களில் பஞ்சு இழை போல மெல்லிய நூல்கள் தெரிந்தால் அது பூஞ்சை. மக்கிய வாடையும் இருக்கும்.

வார்னிஷ் அடித்த ஆயில் ஓவியத்தில் நீலம் கலந்த வெள்ளை மூட்டம், புகை படர்ந்தது போலச் சீராக, நூலும் புள்ளியும் இல்லாமல் இருந்தால் அது வார்னிஷுக்குள் ஈரம் போனதன் விளைவு. பூஞ்சை இல்லை, ஆனால் பூஞ்சைக்கு முன் வரும் எச்சரிக்கை. ஆயில் ஓவியத்தின் கறுத்த பகுதிகளில் மட்டும் மெழுகு தடவியது போல வெள்ளை படிந்தால், எண்ணெயிலிருந்தே கொழுப்பு அமிலம் வெளியே வந்திருக்கலாம். இந்த இரண்டையும் வீட்டில் தொட வேண்டாம். தொட்டால் வார்னிஷ்தான் போகும்.

சட்டத்தின் பின்பலகையில் வெள்ளைத் தூள் இருந்து, டார்ச் வெளிச்சத்தில் மினுமினுத்தால் அது சுவரிலிருந்து வந்த உப்பு. அந்தத் தூளில் கொஞ்சம் எடுத்து ஒரு தட்டில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் கரைந்துவிடும். பூஞ்சை கரையாது.

பூஞ்சைதான் என்று உறுதியானால் அது உயிரோடு வளர்கிறதா, காய்ந்து கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். சட்டத்தின் ஓரத்தில், ஓவியம் இல்லாத இடத்தில், உலர்ந்த பட்ஸால் தொடுங்கள். பிசுபிசுத்து இழுபட்டால் வளர்கிறது. அந்த நிலையில் எதையும் சுத்தம் செய்யக் கூடாது, முதலில் உலர வேண்டும். தூளாக உதிர்ந்தால் தூங்குகிறது.

கறை கீழ் ஓரத்தில், அல்லது பின்பக்கம் மட்டும்

இதுதான் அதிகம் வருவது. காரணம் படத்தில் இல்லை, சுவரில். மழைச்சாரல் படும் வெளிச்சுவர், குளியலறையோடு சேர்ந்த சுவர், தரையிலிருந்து ஓதம் ஏறும் பழைய வீட்டுச் சுவர் என இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். ஓதம் பொதுவாகத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை ஏறும். பெயிண்ட் உப்பி, சுண்ணாம்பு பொரிந்து நிற்கும் கோட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். புதிதாக வெள்ளையடித்து அந்தக் கோட்டை மறைத்திருந்தால் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், குளிர்ச்சியாக இருக்கும்.

சுவர் ஈரமாகவே இல்லாவிட்டாலும் இதே கறை வரலாம். மழைக்காலத்தில் வெளிச்சுவர் அறைக்காற்றைவிடக் குளிர்ந்திருக்கும். படம் சுவரோடு ஒட்டித் தொங்கினால் அதன் முதுகுக்குப் பின்னால் உள்ள காற்று நகராமல் குளிர்ந்து நிற்கும். காற்று குளிர்ந்தால் அதன் ஈரப்பத சதவீதம் ஏறும். அறை நடுவில் மீட்டர் 65 காட்டும்போது படத்தின் முதுகில் 80 இருப்பது சாத்தியம். நம்பாவிட்டால் மீட்டரை ஓர் இரவு படத்துக்கும் சுவருக்கும் நடுவில் சொருகி வைத்துப் பாருங்கள்.

செய்ய வேண்டியது: முடிந்தால் படத்தை வீட்டின் உள்சுவருக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் சட்டத்தின் கீழ் மூலைகள் இரண்டிலும், மேல் மூலைகளிலும், அரை அங்குலத்துக்குக் குறையாத கார்க் துண்டோ ரப்பர் குமிழோ ஒட்டுங்கள். பின்னால் காற்று ஓடினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். சுவர் நிஜமாகவே ஒழுகினால் இதெல்லாம் ஒப்புக்குத்தான். சுவரைச் சரிசெய்து அது முழுக்கக் காயும் வரை படம் அங்கே திரும்பக் கூடாது. பூச்சு வேலை முடிந்த சுவர் காய வாரக்கணக்கில் ஆகும். புதுச் சுவரில் கிருகப்பிரவேசத்தன்றே பெரிய படத்தை மாட்டும் பழக்கம் இருக்கிறதே, பூஞ்சைக்குச் சொல்லி அனுப்பிய அழைப்பு அது.

கறை மேல் ஓரத்தில் மட்டும்

பூஜை அறைப் படம் என்றால் மேலே தொங்கும் மாலையைப் பாருங்கள். கடையில் தண்ணீர் தெளித்து வைத்த பூ, சட்டத்தின் மேல் விளிம்பில் தினமும் சொட்டுகிறது. கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் அது இறங்குகிறது. கண்ணாடியில் சந்தனம், குங்குமம் குழைத்து வைத்தாலும் ஓரமாக ஊறும். மாலைக்குப் படத்தின் மேலேயே, சட்டத்தைவிட ஓரிரு அங்குலம் முன்னால் நீண்டு நிற்கும் தனிக் கொக்கி அடித்துவிட்டால் சாமிக்கும் மாலை உண்டு, படத்துக்கும் ஆயுசு உண்டு. பூஜை அறை இல்லை என்றால் மேல்தளக் கசிவையும் ஏசி தண்ணீர்க் குழாய் போகும் வழியையும் பாருங்கள்.

கண்ணாடியின் உள்பக்கம் வேர்க்கிறது, புள்ளி விழுகிறது

இதற்குப் பெரும்பாலும் ஏசியும், சட்டம் போட்ட நேரமும்தான் காரணம்.

மழைக்காலத்தில் சட்டம் போட்ட படத்தில் பலகை, காகிதம், படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் போர்டு அட்டை எல்லாம் காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்திருக்கும். பின்னால் பழுப்பு டேப் ஒட்டி அடைத்ததும் அந்த ஈரமும் உள்ளே அடைபடுகிறது. பகலில் அறை சூடாகும்போது பலகை ஈரத்தை விடும். இரவில் ஏசி ஓடிக் கண்ணாடி முதலில் குளிரும்போது அந்த ஈரம் கண்ணாடியின் உள்பக்கம் துளியாகப் படியும். படத்துக்கு மேலே விளக்கு மாட்டி அணைத்து அணைத்துப் போட்டாலும் இதேதான்.

கண்ணாடியின் வெளிப்பக்கம் வேர்ப்பது வேறு கதை. வெளியே 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் 26 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பொருளிலும் பனி படியும். இரவு முழுக்க 24-இல் ஏசி ஓடிய அறையின் ஜன்னலைக் காலையில் திறந்தால் கண்ணாடி, சட்டம், கேன்வாஸ் எல்லாம் நனைகின்றன. ‘காற்றோட்டமாக இருக்கட்டும்’ என்று நல்லெண்ணத்தில் செய்வதுதான். வெளிக்காற்று உள்காற்றைவிட உலர்ந்திருந்தால் மட்டுமே ஜன்னல் திறப்பது நல்லது. மார்கழி விடிகாலை அதற்கு நேரமில்லை. பொதுவாக முற்பகலுக்குப் பிறகுதான் ஈரப்பதம் குறையும், எதற்கும் மீட்டரைப் பார்த்துத் திறங்கள். ஏசி நிறுத்திய பிறகு ஒரு மணி நேரம் அறை தானாகச் சூடேறட்டும், அப்புறம் திறக்கலாம்.

தினமும் எட்டு மணி நேரம் மட்டும் ஏசி ஓடும் படுக்கையறையைவிட, ஏசியே இல்லாமல் விசிறி மட்டும் சுற்றும் கூடம் படத்துக்குப் பாதுகாப்பானது என்பது என் எண்ணம். அருங்காட்சியகங்கள் 50 சதவீதத்தை ஒட்டி வைக்கப் பார்க்கின்றன. நம் ஊர் வீட்டில் 55 முதல் 60 வரை, பெரிய ஏற்ற இறக்கம் இல்லாமல் நின்றாலே போதும்.

உள்ளே வேர்த்த சட்டத்தைப் பிரிக்கத்தான் வேண்டும். மரம், போர்டு, படம் எல்லாவற்றையும் 55 சதவீத அளவில் உலர்ந்த அறையில் சில நாள் தனித்தனியாக வைத்து, பிறகு திரும்பப் பூட்டுங்கள். அப்போது கண்ணாடிக்கும் ஓவியத்துக்கும் நடுவில் இடைவெளிக் கட்டை இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடி ஓவியத்தைத் தொட்டால் ஈரத்தில் வண்ணம் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே ஓவியப் பாதுகாப்பு வல்லுநரிடம் கொடுங்கள்.

தஞ்சாவூர்ப் படம்: மக்கு உப்புகிறது, கல் உதிர்கிறது, தங்கம் கறுக்கிறது

பலகைப் படம் என்று சொல்லப்படும் இதில் பூஞ்சைக்கு விருந்தே இருக்கிறது. பலகை, அதன்மேல் ஒட்டிய துணி, துணிமேல் சுண்ணத் தூளும் பசையும் கலந்த பூச்சு, அதையே குழைத்து மேடாக எழுப்பிய மக்கு, அதன்மேல் மெல்லிய தங்கத் தகடான ரேக்கு, கற்கள். இவை ஒட்டி நிற்பது புளியங்கொட்டைப் பசையாலும் கோந்தாலும். இரண்டும் மாவுப்பொருள் வகை, இரண்டும் ஈரத்தில் இளகும். கல் உதிர்கிறது என்றால் பசை ஒருமுறையாவது இளகியிருக்கிறது என்று பொருள்.

பலகை ஈரத்தில் விரியும், காய்ந்தால் சுருங்கும். மேலே உள்ள மக்கு அதோடு சேர்ந்து வளையாது, அதனால்தான் உப்பலும் வெடிப்பும். உப்பிய இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அழுத்தினால் உடையும். உதிர்ந்த கல்லையும் துணுக்கையும் ஒரு சின்ன உறையில் போட்டு, எந்த இடத்திலிருந்து விழுந்தது என்று எழுதிப் படத்தோடு வையுங்கள். ஃபெவிகாலை எடுக்க வேண்டாம், பிறகு பழுதுபார்க்க வருபவர் முதலில் அதைத்தான் சுரண்ட வேண்டியிருக்கும்.

தங்கம் கறுத்தால்? 22 காரட் ரேக்கு ஈரத்தால் அவ்வளவு சீக்கிரம் கறுக்காது. கறுப்போ பச்சையோ பூத்தால் அது செம்பு கலந்த போலி ரேக்காக இருக்க வாய்ப்பு அதிகம். இது ஈரப் பிரச்சினையா, கடைக்காரர் பிரச்சினையா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். விளக்குப் புகையின் கரியும் கறுப்பாகத் தெரியும், ஆனால் அது கண்ணாடியின் வெளிப்பக்கமும் இருக்கும்.

கேன்வாஸ் தொய்ந்துவிட்டது

பின்னால் மூலைகளில் இருக்கும் ஆப்புகளைச் சுத்தியால் தட்டி இறுக்காதீர்கள். மழைக்காலத்தில் இறுக்கிய கேன்வாஸ், பங்குனி வெயிலில் வறண்டு இன்னும் இறுகி, வண்ணம் வெடிக்கும். ஈரப்பதம் 55-க்கு வந்து இரண்டு வாரம் பொறுங்கள், பெரும்பாலும் தானாகவே சரியாகும்.

காகிதம் அலை அலையாக நெளிகிறது, பழுப்புப் புள்ளி

நெளிவுக்குக் காரணம் நான்கு ஓரமும் ஒட்டப்பட்டிருப்பது. காகிதம் விரிய இடமில்லாமல் நடுவில் உப்புகிறது. மேலே மட்டும் காகிதப் பட்டையால் இரண்டு கீல் வைத்துத் தொங்கவிட்டால் நெளிவு குறையும். துரு நிறப் புள்ளி விழுந்த வாட்டர்கலரை வெயிலில் காட்டினால் புள்ளி போகாது, வண்ணம்தான் போகும். பாஸ்டல், சார்கோல் படங்களில் பூஞ்சை வந்தால் தூரிகையைக்கூட வைக்க முடியாது. நேராக வல்லுநரிடம் போங்கள்.

கண்ணாடிக்குள் ஊசிமுனை அளவு வெள்ளைப் பூச்சிகள் ஓடுகின்றன

புத்தகப் பேன். பூஞ்சையைத் தின்ன வந்தவை. ஈரப்பதம் 60-க்குக் கீழே இறங்கினால் அவை தாமாகவே செத்துப்போகும். வெள்ளி நிறத்தில் நீளமாக ஓடினால் அது ராமபாணப் பூச்சி, பின்னால் வைத்த பழைய செய்தித்தாளைத் தேடி வந்திருக்கும். அந்தத் தாளை எடுத்துவிடுங்கள்.

எடுத்து வைத்த படத்தில் வாடை, ஒட்டல், அச்சு

கட்டி வைத்த விதத்தைப் பாருங்கள். பாலிதீன் உறையில் இறுகச் சுற்றி டேப் ஒட்டியிருந்தால், கட்டிய நாளின் ஈரம் அப்படியே உள்ளே இருக்கிறது. குமிழ் உறையின் குமிழ்ப் பக்கம் ஓவியத்தைத் தொட்டிருந்தால் வட்ட வட்டமாக அச்சு விழுந்திருக்கும். அக்ரிலிக் வண்ணம் நம் ஊர்ச் சூட்டில் எப்போதும் கொஞ்சம் இளகியே இருப்பதால் அதில் இது நிச்சயம். ஆயில் படம் உள்வரை காய மாதக்கணக்கில் ஆகும், அதற்குள் எதையும் மேலே போர்த்தக் கூடாது.

வைக்கும் இடமும் பெரும்பாலும் தவறாக இருக்கும். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள பரண் பகலில் அடுப்பு. தரைத்தளக் கட்டிலுக்கு அடியில் ஓதம். வெளிச்சுவரை ஒட்டிய இரும்பு பீரோவில் காற்றே கிடையாது. வீட்டின் நடுவில் உள்ள அறை, உள்சுவர் ஓரம், தரையிலிருந்து குறைந்தது நான்கு அங்குலம் உயரத்தில் மரப்பலகை, அதன்மேல் படங்கள் நிமிர்ந்த நிலையில், முகத்தோடு முகம் முதுகோடு முதுகாக, நடுவில் அமிலமில்லாத அட்டை. போர்த்துவதற்குக் கஞ்சி போடாத, நன்றாகத் துவைத்துக் காய்ந்த மல் துணி. கஞ்சி போட்ட பழைய வேட்டி வேண்டாம், அதுவே தீனி. மக்கு உதிரும் படத்தை மட்டும் மல்லாக்க, முகம் மேலே பார்க்கப் படுக்க வையுங்கள். கேன்வாஸைச் சுருட்டியே ஆகவேண்டும் என்றால் ஆறு அங்குலத்துக்குக் குறையாத விட்டமுள்ள குழாயில், வண்ணப் பக்கம் வெளியே இருக்கும்படி.

சிலிக்கா ஜெல்லைப் பற்றி ஒரு வார்த்தை. செருப்புப் பெட்டியில் வரும் சின்னப் பொட்டலம் பெரிய பெட்டிக்குள் ஒன்றும் செய்யாது. மாறாக, நன்றாக மூடும் பெட்டியில் அரைக் கிலோ, ஒரு கிலோ என்று அள்ளிப் போட்டால் ஈரப்பதம் 30-க்குப் போய்விடும், பலகையும் மக்கும் வெடிக்கும். பெட்டிக்குள் மீட்டரை வைத்து, 50-க்கு வந்ததும் கொஞ்சம் எடுத்துவிடுங்கள். ஆரஞ்சிலிருந்து பச்சைக்கு மாறும் ரகம் வாங்குங்கள். நீல ரகத்தில் கோபால்ட் உப்பு இருக்கிறது, அது உடலுக்குக் கேடு. நிறம் மாறியதும் 120 டிகிரி சூட்டில் ஓரிரு மணி நேரம் வறுத்தால் திரும்ப வேலை செய்யும், ஆனால் சமைக்கும் ஓவனில் வேண்டாம். பீரோவில் தொங்கவிடும் கால்சியம் குளோரைடு டப்பாக்கள் உறிஞ்சிய தண்ணீரைத் திரவமாகச் சேர்த்து வைப்பவை. கவிழ்ந்தால் உப்புத் தண்ணீர் படத்தின்மேல்தான். பாச்சை உருண்டை, கற்பூரம் இரண்டும் பூச்சியை விரட்டலாம், ஈரத்தைக் குறைக்காது. அவற்றின் ஆவி வார்னிஷை இளக்கக்கூடியது.

காய்ந்த பூஞ்சையை எடுப்பது

வண்ணம் உதிரவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும். மொட்டை மாடியில் நிழலான இடம், காற்று உங்கள் முதுகிலிருந்து வீசட்டும், முகமூடி, கையுறை. அகலமான மென்மயிர்த் தூரிகையால், அழுத்தாமல், ஒரே திசையில் வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள வேக்குவம் இருந்தால் அதன் வாயில் மல் துணி கட்டி, ஓவியத்தைத் தொடாமல் பக்கத்தில் பிடித்து அந்தத் தூசியை இழுக்கவிடுங்கள். சாதாரண வேக்குவம் வித்துகளை வீடு முழுக்கத் திருப்பி ஊதும். முதலில் முதுகு, அப்புறம் முகம். ஸ்பிரிட், வினிகர், டெட்டால், பிளீச்சிங் எதுவும் ஓவியத்தின்மேல் படக் கூடாது. ஸ்பிரிட்டில் அக்ரிலிக் கரையும். கழற்றிய கண்ணாடியை ஸ்பிரிட்டால் துடைக்கலாம், காய்ந்த பிறகுதான் திரும்பப் பூட்ட வேண்டும். பூஞ்சை ஊறிய பின்பலகையைத் தூக்கி எறியுங்கள்.

கறை விட்டுப்போயிருக்கலாம். அதை வீட்டில் போக்கப் பார்க்காதீர்கள்.

படம் நனைந்தே விட்டது

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ வீடுகளில் நடந்தது இதுதான். வெள்ளம் வடிந்ததும் வெயிலில் வைப்பதும், ஹேர் டிரையரை எடுப்பதும் இயல்பு. பலகைப் படத்துக்கு அதைவிடக் கெடுதல் இல்லை. 1966 நவம்பர் 4 அன்று இத்தாலியின் ஃபிளாரன்ஸில் ஆர்னோ ஆறு புகுந்தபோது சாண்டா குரோச்சே தேவாலயத்தின் பலகை ஓவியங்கள் மூழ்கின. 13-ஆம் நூற்றாண்டு ஓவியர் சிமாபுவே வரைந்த சிலுவைப் படம் தன் வண்ணத்தின் பெரும்பகுதியை இழந்தது. மீட்ட பலகைகளை அங்கிருந்த வல்லுநர்கள் காயவைக்க அவசரப்படவில்லை. ஈரப்பதம் மிக அதிகமாக வைக்கப்பட்ட ஒரு கட்டடத்துக்குக் கொண்டுபோய், மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைத்தார்கள், பூஞ்சைக்குத் தனியாக மருந்தும் கொடுத்தார்கள். அதே வெள்ளத்தில் மூழ்கிய, 16-ஆம் நூற்றாண்டு ஓவியர் வசாரியின் ‘இறுதி விருந்து’ பழுது நீங்கி 2016-இல்தான் சாண்டா குரோச்சேவுக்குத் திரும்பிப் போனது.

வீட்டில் அவ்வளவு முடியாது. கேன்வாஸையும் பலகையையும் முகம் மேலே பார்க்கப் படுக்க வைத்து, நேரடிக் காற்று படாமல் நிழலில் விடுங்கள். சேறு படிந்திருந்தால் தேய்க்க வேண்டாம். நனைந்த காகிதப் படங்கள் நிறைய இருந்து, இரண்டு நாளில் காயவைக்க முடியாது என்றால், மெழுகுத்தாள் நடுவில் வைத்து உறையில் இட்டு ஃப்ரீசரில் போட்டுவிடலாம். பூஞ்சை நிற்கும், யோசிக்க நேரம் கிடைக்கும். பலகைப் படத்தையும் கேன்வாஸையும் ஒருபோதும் ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. நனைந்த நிலையிலேயே, பிரிக்கும் முன், எல்லாப் பக்கமும் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பழுது பார்க்கக் கொடுக்கும்போது, ஃபிரேம் கடைக்காரரும் ஓவியப் பாதுகாப்பு வல்லுநரும் வேறு வேறு ஆட்கள் என்பதை நினைவில் வையுங்கள். கலை, பண்பாட்டு மரபைப் பாதுகாக்கும் இன்டாக் (INTACH) அமைப்பின் பாதுகாப்பு மையங்கள் தனியார் படங்களையும் எடுத்துச் செய்கின்றன, பெங்களூரில் ஒன்று இருக்கிறது. ‘புதுசு மாதிரி ஆக்கித் தருகிறேன், மேலே ஒரு கோட் அடித்துவிடலாம்’ என்று யாராவது சொன்னால் படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.